அத்தியாயம் 6: பார்ட்டிஷன் மவுண்ட் ஆக மறுத்தால்

இன்ஸ்டாலர் பாதியில் நின்று, இந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று ஒரு பெட்டியைக் காட்டினால், பலரும் உடனே பின்னால் போய் அதற்கு எதிரே இருக்கும் 'ஃபார்மட்' கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். பிழை போய்விடும். அதோடு உள்ளே இருந்த கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், கடைக் கணக்கு எல்லாமும் போய்விடும். மவுண்ட் பிழை வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவதற்காகவே கெர்னல் மறுக்கிறது. ஏன் மறுத்தது என்பதையும் ஏதோ ஒரு வரியில் எழுதி வைக்கிறது. அந்த வரியைத் தேடிப் படிக்கும்வரை ஃபார்மட்டைத் தொடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே எழுத்துகளின் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளி மாறாமல் அடியுங்கள். நான் 'பெரிய எழுத்து' என்று குறிப்பிடும் இடங்களில் மட்டும் பெரிய எழுத்து.

மவுண்ட் ஆவதற்கு என்னென்ன வேண்டும்

விண்டோஸ் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் சி, டி, இ என்று ஓர் எழுத்து கொடுத்துத் தனித்தனியாக வைக்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு ஃபோல்டர் மரம்தான் உண்டு. அதன் உச்சி ரூட். '/' என்ற ஒரே குறியால் எழுதப்படுவது. ஒவ்வொரு பார்ட்டிஷனும் அந்த மரத்தில் ஏதாவது ஒரு ஃபோல்டரில் வந்து பொருந்துகிறது. நீங்கள் 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தியதும், இன்ஸ்டாலர் உங்கள் ரூட் பார்ட்டிஷனை ஒரு தற்காலிக ஃபோல்டரில் மவுண்ட் செய்கிறது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் அதன் பெயர் '/டார்கெட்'. ஆர்ச் லினக்ஸில் நாமே கையால் '/எம்என்டி' ஃபோல்டரில் மவுண்ட் செய்வது வழக்கம். பிறகு அதற்குள்ளே பூட், ஹோம் முதலியவை பொருத்தப்பட்டு, ஃபைல்கள் காப்பி ஆகத் தொடங்குகின்றன.

இதற்கு மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். சாதனம் கெர்னலின் கண்ணில் பட வேண்டும். அதில் கெர்னலுக்குப் புரிந்த ஒரு ஃபைல் சிஸ்டம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பொருத்துவதற்கு ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லைவ் யூஎஸ்பியில் 'ட்ரை' என்று போய் டெர்மினலைத் திறந்து, முதலில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடியுங்கள். டிஸ்க்குகள், பார்ட்டிஷன்கள், ஃபைல் சிஸ்டம் வகை, யூயூஐடி, இப்போது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் ஒரே அட்டவணையில் வரும். சாட்டா டிஸ்க்கும் யூஎஸ்பி பென்டிரைவும் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்ற பெயரில் வரும். என்விஎம்இ எஸ்எஸ்டி 'என்விஎம்இ0என்1' என்று வரும். அதன் முதல் பார்ட்டிஷனுக்குக் கடைசியில் 'பி1' சேரும். பென்டிரைவையும் உள்ளே இருக்கும் டிஸ்க்கையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் நேரும் மிகக் கொடிய தவறு. பெயரை நம்பாமல், '-எஃப்' இல்லாமல் 'எல்எஸ்பிஎல்கே' மட்டும் அடித்து, அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்து 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' அடித்துக் கடைசி இருபது முப்பது வரிகளைப் படியுங்கள். மவுண்ட் கட்டளை தோற்கும்போது திரையில் வரும் செய்தி பலருக்கும் பழக்கமானது: ஃபைல் சிஸ்டம் வகை தவறு, அல்லது ஆப்ஷன் தவறு, அல்லது சூப்பர்பிளாக் கெட்டது, அல்லது உதவி நிரல் இல்லை, அல்லது வேறு ஏதோ பிழை. ஒரே வாக்கியத்தில் இத்தனை 'அல்லது' வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உண்மைக் காரணத்தைக் கெர்னல் அந்த வரிகளில்தான் எழுதியிருக்கும். டெபியனின் இன்ஸ்டாலரில் லைவ் டெஸ்க்டாப் இல்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பதிவுத் திரை வரும். டெக்ஸ்ட் இன்ஸ்டாலருக்குத் திரும்ப ஆல்ட், எஃப்1. கிராஃபிக்கல் இன்ஸ்டாலருக்கு ஆல்ட், எஃப்5.

இஎஃப்ஐ பார்ட்டிஷன்

உபுண்டு, டெபியன் வகைகளில் அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துவது இந்தப் பிழை: 'விஃபேட்' வகை ஃபைல் சிஸ்டத்தை '/பூட்/இஎஃப்ஐ' இடத்தில் மவுண்ட் செய்யும் முயற்சி தோற்றது, பார்ட்டிஷன் பிரிக்கும் பக்கத்துக்குத் திரும்ப வேண்டுமா?

யூஇஎஃப்ஐ முறையில் இயங்கும் கணினியில் பூட் லோடர்கள் இருக்கும் சிறு பார்ட்டிஷன்தான் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். அதில் ஃபேட் ஃபைல் சிஸ்டம் இருக்க வேண்டும். முதல் சந்தேகம்: அந்த இடத்தைப் பிரித்து, 'இஎஃப்ஐ' என்று வகையும் குறித்துவிட்டு, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்ய மறந்திருக்கலாம். பார்ட்டிஷன் டேபிளில் எழுதப்படும் வகை வேறு, உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் வேறு. 'சூடோ பிஎல்கேஐடி' அடித்தால் அந்தப் பார்ட்டிஷனுக்கு 'டைப்' என்ற சொல்லே வரவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. புதிதாகப் பிரித்த, வெறுமையான பார்ட்டிஷன் என்றால் மட்டும் 'எம்கேஎஃப்எஸ்.ஃபேட் -எஃப் 32' கட்டளையைப் பார்ட்டிஷன் பெயரோடு கொடுங்கள். இங்கே 'எஃப்' பெரிய எழுத்து.

'டைப்' வருகிறது, ஆனால் மவுண்ட் ஆகவில்லை என்றால் ஃபேட் அட்டவணையில் சேதம் இருக்கலாம். மின்சாரம் போனபோதோ, விண்டோஸ் அப்டேட் நடுவில் அணைந்தபோதோ இப்படி ஆவதுண்டு. முதலில் 'எஃப்எஸ்சிகே.ஃபேட் -என்' கொடுங்கள். இது எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்லும். அது சொல்வதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகு '-என்' இடத்தில் '-ஏ' போட்டால் தானே சரி செய்யும்.

விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் போடுபவர்களுக்கு: இந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யவே கூடாது. விண்டோஸின் பூட் மேனேஜர் இங்கேதான் இருக்கிறது. பழுது பார்ப்பதற்கு முன்னால் படிக்க மட்டும் மவுண்ட் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உள்ளே இருக்கும் 'இஎஃப்ஐ' ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவுக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். சில எம்பிதான் இருக்கும்.

விண்டோஸ் இதைப் பொதுவாக 100 எம்பி அளவில் உருவாக்குகிறது. கிரப் மட்டும் சேர்வதென்றால் அது போதும். ஆனால் கெர்னலையே இந்தப் பார்ட்டிஷனில் வைக்கும் லினக்ஸ்களும் உண்டு. சிஸ்டம்டி-பூட் பயன்படுத்தும் பாப்!_ஓஎஸ் அப்படிப்பட்டது. அவற்றுக்கு 100 எம்பி நிச்சயம் பற்றாது. புதிதாகப் பிரிக்கிறீர்கள் என்றால் 1 ஜிபி கொடுத்துவிடுங்கள். இன்றைய டிஸ்க் அளவில் அது பெரிய செலவில்லை, பின்னால் பெரிதாக்குவதோ பெரும்பாடு.

இன்னொன்றையும் சோதியுங்கள். பென்டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் ஆனதா? '/எஸ்ஒய்எஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் இருந்தால் ஆம். இல்லையென்றால் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை காட்டப்படும். 'யூஇஎஃப்ஐ' என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போது

டி டிரைவில் இருக்கும் ஃபைல்களை லினக்ஸிலும் பார்க்க ஆசைப்பட்டு, இன்ஸ்டால் செய்யும்போதே அந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனுக்கு ஒரு மவுண்ட் இடம் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது, ஃபைல் சிஸ்டம் சுத்தமாக மூடப்படவில்லை, விண்டோஸின் கேஷில் தகவல் மிச்சம் இருக்கிறது, மவுண்ட் செய்ய மறுக்கிறேன் என்ற செய்தி வரும். 2021-இல் கெர்னல் 5.15-இல் சேர்ந்த 'என்டிஎஃப்எஸ்3' டிரைவராக இருந்தால், வால்யூம் 'டர்ட்டி' நிலையில் இருக்கிறது, 'ஃபோர்ஸ்' ஆப்ஷன் இல்லை என்று சொல்லும்.

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு வந்த வசதி இது. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கெர்னலின் நினைவகத்தை டிஸ்க்கில் ஒரு ஃபைலில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. மறுபடி எழும்போது, பார்ட்டிஷன் தான் விட்டுப்போன நிலையிலேயே இருக்கிறது என்று நம்பித் தொடர்கிறது. நடுவில் லினக்ஸ் உள்ளே புகுந்து ஒரு ஃபைலை எழுதிவிட்டால், விண்டோஸ் தன் பழைய கணக்கை அதன் மேலேயே எழுதும். பார்ட்டிஷனே குலைந்துபோகும் அளவுக்குச் சேதம் வரலாம். ஆகவே இந்த மறுப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

விண்டோஸுக்குத் திரும்பிப் போய், அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுங்கள். ஹைபர்னேஷனும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே அணையும். ஒரே ஒரு முறை முழுதாக அணைத்தால் போதும் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். 'ரீஸ்டார்ட்' எப்போதும் முழு அணைப்புத்தான் என்பது பலருக்கும் தெரியாது. ரீஸ்டார்ட் கொடுத்து நேராகப் பென்டிரைவில் பூட் ஆனாலும் சரி.

'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது சில சிறு கோணல்களை மட்டும் நேராக்கி, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கும்படி குறித்து வைக்கிறது. முழுப் பழுதுபார்ப்பு இல்லை. விண்டோஸ் இன்னும் பூட் ஆகும் கணினியில் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலையையும் விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டிலேயே செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

'பிஎல்கேஐடி' பட்டியலில் வகை 'பிட்லாக்கர்' என்று வந்தால் விஷயம் வேறு. பார்ட்டிஷன் பூட்டப்பட்டிருக்கிறது, சாதாரண மவுண்ட் நடக்காது. நீங்கள் பிட்லாக்கரை ஆன் செய்ததாக நினைவே இல்லாமல் இருக்கலாம். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுவது உண்டு. லினக்ஸ் போடுவதற்கு முன்னால், பயாஸில் எந்த மாற்றமும் செய்வதற்கு முன்னால், 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை மாற்றினாலே அடுத்த முறை விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை மீட்க வழி இல்லை.

டிஸ்க்கே காணோம்

பட்டியலில் பென்டிரைவ் மட்டும் இருக்கிறது, எஸ்எஸ்டியே இல்லை என்றால் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரைப் பாருங்கள். இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் அமைப்பு 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருந்தால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியாமல் போகலாம். 'ஏஎச்சிஐ' ஆக மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸ் இருக்கும் கணினியில் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸில் 'பிசிடிஎடிட் /செட் சேஃப்பூட் மினிமல்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை பூட் ஆகவிடுங்கள். பிறகு 'பிசிடிஎடிட் /டெலிட்வேல்யூ சேஃப்பூட்' கொடுத்தால் இரண்டுக்கும் ஒத்துவரும். பிட்லாக்கர் இருந்தால் அதை முன்பே நிறுத்தி வைத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

டெபியன் இன்ஸ்டாலர் 'சிடி-ராமை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்றால் குறை உங்கள் டிஸ்க்கில் இல்லை, பென்டிரைவில். ஐஎஸ்ஓ சரியாக எழுதப்படவில்லை. ரூஃபஸில் 'டிடி' முறையைத் தேர்ந்து மறுபடி எழுதுங்கள். இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 எண்ணையும் ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள்.

வேறு யாரோ பிடித்துக்கொண்டிருந்தால்

'டார்கெட் பிஸி' அல்லது 'ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கிறது' என்று வந்தால் லைவ் டெஸ்க்டாப்பில் ஃபைல் மேனேஜரில் அந்த டிரைவை நீங்களே கிளிக் செய்து திறந்திருப்பீர்கள். 'சூடோ யுமவுண்ட்' கொடுத்து விடுவியுங்கள். கட்டளையில் 'யு'வுக்கும் 'எம்'முக்கும் நடுவே 'என்' கிடையாது. டெர்மினலில் நீங்கள் நிற்பதே அந்த ஃபோல்டருக்குள் என்றால் அதுவும் பிஸிதான். முதலில் வெளியே வாருங்கள். பழைய ஸ்வாப் பார்ட்டிஷனை லைவ் சிஸ்டம் எடுத்துக்கொண்டிருந்தால் 'சூடோ ஸ்வாப்ஆஃப் -ஏ' போதும்.

வகை 'எல்விஎம்2_மெம்பர்' என்று வந்தால் அதை நேரடியாக மவுண்ட் செய்ய முடியாது. 'சூடோ விஜிசேஞ்ச் -ஏஒய்' கொடுத்தபின் உள்ளே இருக்கும் வால்யூம்கள் '/டெவ்/மேப்பர்' ஃபோல்டரில் தெரியும். 'கிரிப்டோ_லக்ஸ்' என்றால் 'கிரிப்ட்செட்டப் ஓபன்' கொடுத்துக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். இந்த 'லக்ஸ்' பெரிய எழுத்துகளில் வரும்.

வரிசை மாறினால் பிழையே வராது

ஆர்ச் போன்ற லினக்ஸைக் கையால் நிறுவுபவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து இது. ரூட்டை முதலில் '/எம்என்டி'யில் மவுண்ட் செய்துவிட்டுப் பிறகுதான் '/எம்என்டி/பூட்'டில் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய வேண்டும். வரிசை மாறினால், பின்னால் வந்த ரூட் முன்னால் மவுண்ட் செய்ததை மூடி மறைத்துவிடும். திரையில் எந்தப் பிழையும் வராது. கெர்னல் ரூட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் சாதாரண 'பூட்' ஃபோல்டரில் போய் உட்காரும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் காலியாகவே இருக்கும். பூட் லோடர் போடும் நேரத்தில்தான், இது இஎஃப்ஐ பார்ட்டிஷன் மாதிரி தெரியவில்லையே என்று கிரப் முறையிடும்.

ஃபைல்களை இறக்கத் தொடங்கும் முன் 'டிஎஃப் /எம்என்டி/பூட்' அடித்து, அந்த ஃபோல்டர் உண்மையில் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட்டின் பெயர் வந்தால் அந்த மவுண்ட்களை எல்லாம் விடுவித்துவிட்டு முதலிலிருந்து வரிசையாக மவுண்ட் செய்யுங்கள்.

சூப்பர்பிளாக் உண்மையிலேயே கெட்டிருந்தால்

'டிஎம்இஎஸ்ஜி' வரிகளில் 'ஐ/ஓ எரர்' என்று திரும்பத் திரும்ப வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டிஸ்க்கே சாகிறது. அதன் மேல் எந்தப் பழுதுபார்க்கும் கட்டளையையும் ஓட்டாமல், 'டிடிரெஸ்க்யூ' கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். பழுது பார்ப்பதை அந்தப் பிரதியில் செய்யலாம்.

டிஸ்க் நன்றாக இருந்து, எக்ஸ்ட்4 சூப்பர்பிளாக் மட்டும் குலைந்திருந்தால் நம்பிக்கை உண்டு. அதன் நகல்களைப் பார்ட்டிஷன் முழுவதிலும் பல இடங்களில் எக்ஸ்ட்4 வைத்திருக்கிறது. வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கிலும் அடுத்தது 98304-இலும் இருக்கும். பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாத நிலையில் 'சூடோ இ2எஃப்எஸ்சிகே -பி 32768' கொடுத்து, பின்னால் பார்ட்டிஷன் பெயரைச் சேர்த்தால் அந்த நகலைக் கொண்டு சரி செய்யப் பார்க்கும்.

ஃபைல் சிஸ்டம் நலமாக இருந்தும் மவுண்ட் மறுக்கப்படும் ஒரு வகையும் உண்டு. 2023-இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47 முதல், புதிதாக உருவாகும் எக்ஸ்ட்4-இல் பழைய கெர்னலுக்கும் பழைய கிரப்புக்கும் தெரியாத சில அம்சங்கள் இயல்பாகவே சேர்கின்றன. புதிய லைவ் யூஎஸ்பியில் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்துவிட்டு, பழைய லினக்ஸ் ஒன்றை அதில் நிறுவப் போனால், ஆதரிக்கப்படாத அம்சம் என்ற செய்தி வரும். எந்த லினக்ஸை நிறுவுகிறீர்களோ அதன் இன்ஸ்டாலரைக் கொண்டே ஃபார்மட் செய்தால் இந்தத் தொல்லை வராது.

இன்ஸ்டால் முடிந்தபின் நிற்பது

இன்ஸ்டால் நல்லபடியாக முடிந்து, முதல் பூட்டில் கெர்னல் பேனிக் வரலாம்: ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, 'அன்நோன்-பிளாக்(0,0)'. அடைப்பில் இருக்கும் அந்த இரண்டு பூஜ்ஜியங்களைக் கவனியுங்கள். கெர்னலுக்கு ரூட் டிஸ்க்கே தெரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் உருவாகாமல் போயிருக்கும். தனி '/பூட்' பார்ட்டிஷன் நிரம்பிவிட்டால் இப்படி நடப்பது வழக்கம். லைவ் யூஎஸ்பியில் ரூட்டையும் பூட்டையும் வரிசைப்படி மவுண்ட் செய்து, '/டெவ்', '/ப்ராக்', '/எஸ்ஒய்எஸ்' மூன்றையும் '--பைண்ட்' ஆப்ஷனோடு உள்ளே சேர்த்து, 'சிஎச்ரூட்' மூலம் நுழையுங்கள். பூட்டில் இடம் உண்டாக்கிவிட்டு, டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே ஆல்' கொடுத்து, பிறகு 'அப்டேட்-கிரப்'.

பேனிக் இல்லாமல், ஒரு டிஸ்க்குக்காக 1 நிமிடம் 30 நொடி காத்திருந்து பிறகு 'எமர்ஜென்சி மோட்' வந்தால், '/இடிசி/எஃப்எஸ்டேப்' ஃபைலில் உள்ள ஏதோ ஒரு யூயூஐடி இப்போது எந்தப் பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்லை. ஃபார்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும். இன்ஸ்டாலுக்குப் பிறகு ஒரு பார்ட்டிஷனையோ ஸ்வாப்பையோ மறுபடி ஃபார்மட் செய்திருந்தால் இதுதான் காரணம். 'பிஎல்கேஐடி' தரும் எண்ணையும் ஃபைலில் இருப்பதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஃபைலைச் சேமிக்க முடியவில்லை என்றால் ரூட் படிக்க மட்டும் மவுண்ட் ஆகியிருக்கிறது. 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கொடுத்துவிட்டுத் திருத்துங்கள். ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதாகச் சொல்லி உள்ளேயே விடவில்லையென்றால் இதே திருத்தத்தை லைவ் யூஎஸ்பியிலிருந்து செய்யலாம்.

டேட்டா டிஸ்க், விண்டோஸ் பார்ட்டிஷன், வெளி ஹார்ட் டிஸ்க் போன்று பூட் ஆவதற்கு அவசியமில்லாத எல்லா வரிகளிலும் ஆப்ஷன் இடத்தில் 'நோஃபெயில்' சேர்த்துவிடுங்கள். அந்த டிஸ்க் இல்லாத நாளிலும் கணினி எழுந்துவிடும். திருத்தியபின் உடனே ரீபூட் செய்ய வேண்டாம். 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' எஃப்எஸ்டேப்பில் உள்ள எழுத்துப்பிழையையும், இல்லாத யூயூஐடியையும், இல்லாத ஃபோல்டரையும் வரி வரியாகச் சொல்லும். அது குறை சொல்லவில்லையென்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுத்து, 'சூடோ மவுண்ட் -ஏ' அடியுங்கள். பிழை எதுவும் வராமல் பிராம்ப்ட் திரும்பினால் ரீபூட் செய்யலாம்.